நோம்பியும் நோன்பும்

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்பதில் எனக்கு எந்த வயதிலும் சந்தேகம் இருந்ததில்லை. பன்னிரண்டு வயதில் அந்த நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதனால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சேலத்தில் அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று ஒரு உயர்நிலைப் பள்ளி இருந்தது. லேசில் இடம் கிடைக்காது. நுழைவுத் தேர்வு எழுத வந்த கூட்டம் பள்ளி வாசலிலிருந்த வேப்பமரத்து நிழலுக்கு அடங்கவில்லை. எடுத்துக்கொண்டதோ ஒரே ஒரு வகுப்பு. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து எழுதியவள் நான் ஒருத்திதான், தேறியவளும் நான் ஒருத்திதான். ஊரிலேயே முதலாவதாக வந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். அதில் தப்பில்லையே?

ஆனால் முதல் வருஷம் முழுக்க எங்களுக்குப் பாதி இடம்தான். பாடத்தில் தேறினால் போதாது, குணத்திலும் தேற வேண்டும். அடித்தல், முட்டி போடவைத்தல் எல்லாம் அங்கே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோரும் உட்காருவோம். அந்த வாரம் தப்புச் செய்தவள் தானே எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு சரி, மறுபடி அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்கள். சொல்லாமல் மறைத்தது பிறகு தெரியவந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் வருஷத்துப் பெண்ணுக்கு மன்னிப்பும் கிடையாது.

விடுதியில் எங்களை நாலு அணியாகப் பிரித்து ஆற்றுப் பெயர் வைத்திருந்தார்கள். நான் காவிரி. காவிரியில் பதினைந்து பேர். ஒரே பந்தியில்தான் சாப்பாடு. எந்தச் சாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்கக்கூடாது. கடைசி இலைக்குப் பரிமாறி முடிக்கும்வரை முதல் இலைக்காரி சோற்றில் கை வைக்கக்கூடாது. எனக்கு அது பெரிய கொடுமையாக இருந்தது. வீட்டில் நான் உண்டு முடித்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவதே வழக்கம்.

எங்கள் அணித் தலைவி ஐந்தாவது ஃபாரம் படித்த ஒரு ஆத்தூர் அக்கா. என் பேச்சைத் திருத்துவதை அவள் ஒரு கடமையாகவே வைத்திருந்தாள். "ஊடு இல்லடி, வீடு. வாரேன் இல்ல, வருகிறேன். எழுதும்போதாவது ஒழுங்கா எழுது" என்று நாள் முழுக்க நச்சரிப்பாள். நானும் சளைக்கவில்லை. எங்கள் ஊர்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று தெரிந்துகொண்டேன். ஐப்பசிக்குள் எனக்கு எல்லாம் அத்துப்படி.

அந்த ஐப்பசியில்தான் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி வந்தது. எங்கள் பக்கத்தில் நோம்பி என்றால் திருவிழா. பதினைந்து நாளும் மேளமும் ஆட்டமும். கடைசி வியாழக்கிழமை கெடா வெட்டி ஊரே கறிச்சோறு தின்னும். வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர். விடுதியில் நாலு மாதமாகச் சைவச் சாப்பாடு தின்று என் நாக்குச் செத்துப்போயிருந்தது. எப்படியாவது போயே தீருவது என்று முடிவு செய்து, தலைமை ஆசிரியைக்கு விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நோம்பி என்று எழுதக்கூடாது, அது ஊர்ப் பேச்சு. அதன் நல்ல தமிழ் என்ன? யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. 'எங்கள் ஊரில் நோன்பு நடைபெறுவதால் வியாழன், வெள்ளி ஆகிய இரு நாட்களும் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். தலைவியிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் திருத்தியிருப்பாள், நானும் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். திருநெல்வேலிக்காரர். வெள்ளைப் புடவை, வட்டக் கண்ணாடி, மெல்லிய குரல். அந்தக் குரலுக்குப் பள்ளிக்கூடமே நடுங்கும். என் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நோன்பு யாரெல்லாம் இருக்காங்க?"

"ஊரே இருக்குமுங்க டீச்சர்."

"நீயும் உண்டா?"

"நானில்லாமயாங்க?" என்றேன். அத்தனை பெருமை.

"ரொம்ப நல்லது. நோன்பு எங்க இருந்தா என்ன? இங்கயே இரு. வியாழக்கிழமை காலையில உனக்குப் பலகாரம் வேண்டாம்னு சமையக்கட்டுல சொல்லிடுதேன்."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. நோன்பு என்றால் பட்டினி கிடப்பது! விளங்கியபோது நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி உள்ளே போய், 'டீச்சர், தப்பா எழுதிப்போட்டனுங்க' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழில் தப்பு என்று என் வாயால் நானே எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் பெரிய டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். இந்தச் சின்ன வயதில் ஊரை விட்டு வந்தும் ஊர்த் தெய்வத்துக்காக நோன்பு இருக்கப்போகிறாள் என்று சொன்னார். பள்ளிக்கூடம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஐயோ, அந்தப் புகழ்ச்சி இருக்கிறதே! கறிச்சோற்றைவிட ருசியாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாள் வரை அது தப்பு. அந்த நிமிஷத்திலிருந்து பொய். எனக்கே தெரிந்தது.

தலைவி சும்மா இருப்பாளா? "நம்ம காவிரிக்காரி ஒருத்தி பட்டினி இருக்கறப்ப நாம எப்படி உக்காந்து சாப்பிடறது? வியாழக்கிழமை மத்தியானம் காவிரிக்குச் சாப்பாடு வேண்டாம். அந்தச் சோறு ஆசுபத்திரி வாசல்ல இருக்கறவங்களுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். பதினான்கு பேரும் தலையாட்டினார்கள். நான் ஒருத்தி பட்டினி கிடந்தால் என் பாடு. பதினான்கு பேரைப் பட்டினி போட்டது வெளியே தெரிந்தால் பெட்டி கட்டுவது நிச்சயம்.

வியாழக்கிழமை வந்தது. மத்தியான மணி அடித்ததும் மற்ற மூன்று அணிகளும் சாப்பிடப் போயின. நாங்கள் பதினைந்து பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். புளிக்குழம்பு வாசனை தூணுக்குத் தூண் நின்று எங்களை விசாரித்துவிட்டுப் போனது. தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மயக்கமா இல்லையே கண்ணு?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் உதடு வெளுத்திருந்தது. சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆயா வந்து, பெரிய டீச்சர் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

அறையில் என் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார். விடியக் காலையில் கெடா வெட்டி, முதல் சட்டிக் கறியைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு, கரியில் ஓடும் அந்தக் காலத்துப் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். சட்டையெல்லாம் கரித்தூள். போசியின் மூடி இடுக்கில் வாசனை வந்துகொண்டே இருந்தது. மாமனைப் பார்ப்பதா, போசியைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் அம்மிணிக்குத் தாய்மாமனுங்க" என்றார் மாமா. "எங்கூர்ல இன்னைக்கு நோம்பிங்க. நாளைக்கு ஊட்டுக்கு ஒறம்பரை வாராங்க. புள்ள இருந்தாத்தானுங்க நல்லாருக்கும். கூட்டிட்டுப் போயி ஞாயித்துக்கெழமை கொண்டாந்து உட்டர்றனுங்க."

உறவுக்காரர்கள் வருகிறார்களாம்! ஒறம்பரை வந்தால் அதிரசம், முறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் வரும். என் கால் அப்போதே பஸ் ஏறிவிட்டது.

பெரிய டீச்சர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. பிள்ளையை எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க? அவ உங்க அம்மனுக்கு நேர்ந்து விரதம்லா இருக்கா. மூணு நாள் விரதம்."

மூணு நாள்! நான் கேட்டதே இரண்டு நாள்தான்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வேளைக்கு இரண்டு வேளைச் சோறு தின்பவள் என்று அவருக்குத் தெரியாதா? "விரதமுங்களா? இவளா? ஏஞ்சாமி, நெசமாவா?"

நான் வாயைத் திறந்தேன். 'இல்லீங்க மாமா, நோம்பின்னுதான் எழுதப் பார்த்தேன்' என்று சொல்ல வந்தது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் கறியும் உண்டு, ஊரும் உண்டு. பள்ளிக்கூடம்தான் இல்லை.

"அவ பேசமாட்டா" என்றார் பெரிய டீச்சர், என்னைப் பார்த்தபடியே. "விரதம் முடியற வரைக்கும் பேச்சும் கிடையாது."

வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரே மத்தியானம் அதுதான். மாமா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பன்னிரண்டு வயது வாண்டாகிய என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா காரியம். நான் என்னத்தச் சொல்றதுங்க? ஆனா வார ஒறம்பரைக்கு என்னன்னு பதில் சொல்றது?"

"பிள்ளை அம்மன் காரியத்துல இருக்கா, பாதியில எழுப்பக்கூடாதுன்னு சொல்லுங்க. கேட்டுப்பாங்க."

மாமா தூக்குப்போசியை வைத்துவிட்டுப் போனார். விடுதிக்குள் கறி வரக்கூடாது என்பதால் அது காவல்காரர் வீட்டுக்குப் போனது. அந்தக் குடும்பம் அன்றைக்கு எங்கள் கெடாவைச் சாப்பிட்டது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாமாவின் தலை மறைந்ததும் பெரிய டீச்சர், "விரதம் போதும். காவிரியைக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிடு. உங்க பங்கை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். மூன்று நாள் ஒரு நிமிஷத்தில் எப்படித் தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை. சோறு என்ற சொல் காதில் விழுந்த பிறகு யார் கேள்வி கேட்பார்கள்?

ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை. இடம் போனாலும் போகட்டும், தலைவியின் வெளுத்த உதட்டைப் பார்த்த பிறகு மறைக்க முடியாது என்று தோன்றிவிட்டது. சாயங்காலம் கூடத்தில் முதல் ஆளாக எழுந்து நின்றேன். நோம்பி என்பதை நோன்பு என்று எழுதியதையும், தெரிந்த பிறகும் புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டுச் சும்மா இருந்ததையும், காவிரியைப் பட்டினி போட்டதையும், கறிக்குத்தான் ஊருக்குப் போக நினைத்தேன் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். தலைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பெரிய டீச்சர், "சொல்லிட்டா. அதோட சரி. உக்காரு" என்றார். என் இடம் எனக்கே தங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு எனக்கு மறுபடி தைரியம் வந்துவிட்டது. பாவம், திருநெல்வேலிக்காரர், எங்கள் பேச்சு தெரியாமல்தானே இத்தனையும் என்று நினைத்து, அவர் அறைக்கே போய் விளக்கம் சொன்னேன். "எங்க பக்கம் நோம்பின்னா பட்டினியில்லீங்க டீச்சர். மேளம் இருக்குமுங்க, பொங்கல் வெப்பாங்க, கெடா வெட்டுவாங்க."

அவர் ஒரு மாணவியைப் போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியா? கம்பத்தை என்னிக்குப் புடுங்குவாங்க?"

"கடைசி நாளுங்க. புடுங்கிக் கெணத்துல உட்ருவாங்க" என்றேன். பெரிய டீச்சருக்கே தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாவது ஃபாரம் தேறி வீட்டுக்குப் போன கோடையில் அம்மா ஒருநாள் சாவகாசமாகச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை வந்த ஒறம்பரை பலகாரம் கொடுத்துப் போக வந்தவர்கள் இல்லையாம். உப்புச் சர்க்கரை மாற்றி என்னை உறுதி செய்துகொள்ள வந்தவர்களாம். மாப்பிள்ளை மாமனுடைய மச்சினன். தை மாதம் கல்யாணம் என்றுகூடப் பேசிவிட்டார்களாம். பெண் அம்மன் விரதத்தில் இருக்கிறாள் என்றதும் சகுனம் பார்த்துத் திரும்பிப் போய், வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்களாம். "தப்பிச்சுப் போட்டே போ" என்று அம்மா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் நோம்பியில் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள் என்று நான் பெரிய டீச்சரிடம் சொல்லவே இல்லை. அவராகத்தான் கேட்டார்.