ஜெயம்மா வீட்டுப் படையலுக்கு வந்தவன்

அந்தப் படத்தை எடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. படம் மட்டமாக இருந்தது என்பது மட்டும்தான் குறை என்றால், அரை நாள் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அது ஜெயம்மா அக்காவின் வீட்டுக்குள் வரைக்கும் போனது. அவரை அந்தத் தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போனது நான்தான்.

நான் புத்தூர்க்காரி, பெயர் தரணி. சென்னையில் ஜப்பான் மொழி படித்துவிட்டு, தடா பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். ஜெயம்மா அக்கா அங்கே கெஸ்ட் ஹவுஸில் பெருக்கித் துடைக்கிறவர். சத்தியவேடு பக்கத்துக் கிராமம். ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஊரார் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்தவர். கழனியெல்லாம் கம்பெனியானதும் அவரும் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

அவர் கணவர் ஏகாம்பரம் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். இரண்டு கையிலும் பைகள் இருப்பதால் கால் கட்டைவிரலால்தான் கதவைத் தட்டுவாராம், அடியில், மெதுவாக இரண்டு தட்டு. ஒருநாள் சரக்கு சரிந்து மேலே விழுந்ததில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் இறந்த நாளில் அக்கா வருஷம் தவறாமல் படையல் போடுவார். எங்கள் பக்கத்தில் செத்தவரின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறி, சூடம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா? பிறகு மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறப்போம். ஏகாம்பரத்துக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். இனிப்பு ஆகவே ஆகாது. சம்பிரதாயத்துக்கு ஒரு தொன்னையில் பாயசம் வைப்பார்கள். அது அப்படியே மிஞ்சும்.

கல்யாணமான புதிதில் காளஹஸ்தி ஸ்டூடியோவில் எடுத்ததுதான் அவருடைய ஒரே போட்டோ. 2015 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அது ஊறிவிட்டது. சட்டை இருந்தது, ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்த கைக்கடிகாரம் இருந்தது, முகம் மட்டும் கரைந்து வெள்ளையாகிவிட்டது. அந்த வருஷம் இலையில் ஒரு பருக்கைகூட நகரவில்லை என்று அக்கா சொன்னார். முகமில்லாத படத்துக்கு யார் வருவார்கள் என்பது அவர் கவலை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் தடிமனான ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஓர் இன்ஜினியர் அறையில் விட்டுப்போனது.

"தரணி, இத்த பாரேன். இது எங்க வூட்டுக்காரரு. யாரு வரஞ்சாங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முழுப் பக்கத்தில் ஒருவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டு.

"பனமட்ட கிழிச்ச தழும்பு. அதே எடம். ஜப்பான்காரனுக்கு எப்டி தெரிஞ்சிது?"

புத்தகம் வேண்டுமா என்று இன்ஜினியரைக் கேட்டதற்கு, படித்துவிட்டேன், வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அக்காவுக்குச் சொன்னேன். வரப்போகிற காலத்தில் ஓர் ஊர். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் ஞாபகத்தை வைத்து ஓர் இயந்திரம் அவனை மறுபடி செய்து வீட்டுக்கு அனுப்புகிறது. அவள் எதை மறக்கிறாளோ அது அவனிடமிருந்து போய்விடும். முழுக்க மறந்தால் அவன் உடம்பில் வேறு எவனோ வந்து குடியேறிவிடுவான். அக்கா சோற்றில் கை வைத்தபடி, ஊரிலிருந்து வந்த சேதியைக் கேட்பதுபோல் கேட்டார். அந்த விதியை ஏன் அவ்வளவு விளக்கமாகச் சொன்னேன் என்று இப்போது என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

அக்கா புத்தகத்தில் இருந்த முகத்தை வெட்டிப் போட்டோவில் வெள்ளையாக இருந்த இடத்தில் ஒட்டினார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அந்த வருஷப் படையலில் கதவைத் திறந்தபோது கருவாட்டுத் துண்டு பிட்டுக் கிடந்ததாம். பூனையாக இருக்கும் என்று கிண்டல் செய்தேன். "சாத்துன கதவுல பூன எங்கேந்து வரும்?" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கதையை ஆட்களை வைத்து வெளிநாட்டில் படமாக எடுத்தார்கள். தெலுங்கு பேசவைத்துத் திருப்பதியில் போட்டார்கள். நான்தான் தலைகால் தெரியாமல் குதித்து, அக்காவைப் பகல் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

புத்தகத்தில் நாற்பது பக்கம் ஒருவன் பேசாமல் கதவுக்கு வெளியே நிற்பான். படத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிறான். மஞ்சள் முடி, பட்டறையில் அடித்த தாடை. புருவத்தில் வெட்டு இல்லை. கூடவே ஒரு ஸ்டைல் வேறு: வீட்டுக்குள் நுழைந்ததும் மேஜையில் இருக்கும் கேக்கை இரண்டு விரலால் வழித்து நக்குவான். நான்கு முறை நக்கினான். இயந்திரத்தைப் பற்றி ஒரு மண்ணும் இல்லை. இடைவேளையிலேயே எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பும் பஸ்ஸில் நாகலாபுரம் தாண்டும்போது அக்கா கேட்டார்.

"அவரு மூக்கு எப்டி இருக்கும் தரணி? நீ பொஸ்தகத்துல பாத்தியே?"

மறுவாரம் கண்ணெல்லாம் வீங்கி வந்தார். "கண்ண மூடுனா அந்த மஞ்ச மயிரான்தான் வந்து நிக்கிறான். எங்க வூட்டுக்காரர் மூஞ்சி வரவே மாட்டேங்குது."

எல்லாம் பிரமை என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். அதே காகிதம், அதே மை. ஆனால் தாடை அகலமாகத் தெரிந்தது. புருவத்து வெட்டைத் தேடினேன். பிரேம் கண்ணாடியைத் துடைத்துவிட்டும் தேடினேன். காணோம். அக்கா பார்ப்பதற்குள் போட்டோவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அந்த வருஷப் படையலுக்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நல்ல உச்சி வெயில். பரிமாறிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். சற்று நேரத்தில் உள்ளே இலை இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை எந்த வருஷமும் சத்தம் வந்ததில்லையாம். மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தோம்.

கருவாடு அப்படியே இருந்தது. பாயசத் தொன்னை காலி. அடியில் இரண்டு விரலால் வழித்த தடம்.

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எவனோ வந்து துன்னுட்டுப் போயிக்கிறான். நான் மறந்துட்டேன், அதான் அவரு எடத்துல எவனோ வந்துக்கிறான். இனிமே அவரு வரமாட்டாரு தரணி." வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த விதியைச் சொன்னது என் வாய்தானே.

"மூஞ்சி போனா போவட்டும்க்கா, வேற எதுவுமே ஞாபகம் இல்லியா?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

அவர் கண் கதவின் அடிப்பக்கம் போனது. பிறகு விருட்டென்று எழுந்து பிரேமைப் பிரித்து, போட்டோவில் ஒட்டியிருந்த முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டார். இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார். கொஞ்சம் சோறும் கருவாட்டுக் குழம்பும் மட்டும் வைத்தார். முகமில்லாத சட்டைக்கு முன்னால் சூடம் காட்டினார். வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெயில் நகர்ந்து எங்கள் காலுக்கு வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. தட்டுவதற்குக் கையை ஓங்கினேன்.

அப்போது உள்ளிருந்து, கதவின் அடியில், மெதுவாக இரண்டு தட்டு கேட்டது.

நான் ஓடியிருப்பேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்.

"தொறக்காத," என்றார். "வெகு தூரத்துலேந்து வந்துக்கிறாரு. துன்னு முடிக்கட்டும்."