சத்தச் செருப்பும் பை வைத்த கொக்கும்

தை மாதத்துச் சனிக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. வேலூர்க் கோட்டை அகழிக்கு எதிரே ஆம்பூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் எட்டணா, தூரம் முப்பது மைலுக்குச் சற்றுக் கூடுதல். நான் ஏறியதும் முன்பலகையில் இருந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்க்கட்டும் என்றுதானே போட்டுக்கொண்டு வந்தேன்!

அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆம்பூரில் என் சிநேகிதன் கரீமின் தோல்ஷாப்பில் பதப்படுத்திய தோல். தைத்த கூலியோடு இரண்டு ரூபாய். சத்தம் வைப்பதற்குத் தனியாக இரண்டணா. எங்கள் பக்கத்தில் புதுச் செருப்பு என்றால் நடக்கும்போது ‘கிறீச், கிறீச்’ என்று கத்த வேண்டும். அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே காய்ந்த தோல்துண்டு ஒன்றை வைத்துத் தைப்பார்கள். கத்தாத செருப்போடு கல்யாணத்துக்குப் போனால் இரவல் வாங்கி வந்திருக்கிறான் என்று பேசுவார்கள். என்னுடையது தெருமுனையில் நடந்தால் வீட்டுக்குள் கேட்கும்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். என் தகப்பனார் ஆவாரம்பட்டை உரித்துத் தோல்ஷாப்புகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். அந்தப் பட்டை இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒரு தோலும் பதமாகாது. ஆம்பூரிலிருந்து ஆறு மைலில் ஓர் ஏரி. அதன் கரை நெடுக ஆவாரம். பட்டைச் சுமையோடு திரும்ப ஊர்த்தெரு ஒன்றைத் தாண்ட வேண்டும். எங்கள் சேரிக்காரர்கள் அந்தத் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது. அப்பா ஒரு முனையில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுமுனையில் மாட்டிக்கொள்வார். ஊருக்கெல்லாம் செருப்பாகிற தோலுக்குப் பட்டை கொடுத்தவர், தன் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த ஏரியில் வாயில் பை வைத்த கொக்கு உண்டு என்றும் அவர் சொல்வார். அதை வகுப்பில் சொன்னேன். பையன்கள் சிரித்தார்கள். போதாததற்கு, பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவர் எங்கள் பிரதேசத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ரயிலில் கடந்துவிட வேண்டும், பார்க்க ஒன்றுமில்லை என்று பேசியதையும் காதாரக் கேட்டேன். அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். ஆகவே இரண்டு தீர்மானங்களோடு பஸ் ஏறினேன். அந்தக் கொக்கை என் கண்ணால் பார்ப்பது ஒன்று. அந்தத் தெருவில் செருப்போடு நடப்பது இன்னொன்று.

ஆறு மணி சுமாருக்கு விரிஞ்சிபுரம் கோபுரம் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. பாலாறு வழக்கம்போல் மணலாகக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டடி தோண்டினால் தேங்காய்த் தண்ணீர்போல ஊறும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பள்ளிகொண்டாவில் பஸ் நின்றபோது அரையணாவுக்குக் காப்பி குடித்தேன். ஏழரைக்கு ஆம்பூர். சுண்ணாம்பும் பட்டையும் தோலும் கலந்த வாடை முதலில் வந்து வரவேற்றது. அந்த வாடைதான் என்னைப் படிக்க வைத்தது. நான் மூக்கைப் பிடிப்பதில்லை.

கரீம் பஸ்ஸடியில் காத்திருந்தான். சிவப்புத் துருக்கித் தொப்பி, கறுப்புக் கோட்டு, கையில் ஒரு தூக்கு நிறைய பிரியாணி. தோல்ஷாப் முதலாளியின் மகன். பள்ளியில் ஒன்றாம் பாரத்திலிருந்து எனக்குப் பக்கத்துப் பலகை.

“அரே வாத்தியாரே, நீ வர்றது கடைவீதி பூரா கேக்குதே!” என்றான்.

“உங்க ஷாப்புத் தோல்தானே, கேக்கட்டும்.”

ஜட்காவுக்குப் போகவர ஒரு ரூபாய் பேசினோம். ஏரிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போவது என்று நான் நினைத்திருந்தேன். ஜட்காக்காரர் தெரு குறுகல், வண்டி போகாது என்று சொல்லி, வயல்வழியாகச் சுற்றி நேரே கரையடியில் கொண்டுபோய் விட்டார். எனக்கு ஏமாற்றம். திரும்பும்போது நாங்கள் தெருவழியே நடந்து வருகிறோம், வண்டி ஊர்முனைச் சாவடியில் நிற்கட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கரீம் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கதை தெரியும்.

ஒன்பது மணிக்குக் கரை ஏறினோம். அந்தக் காட்சியை என்னவென்று எழுதுவேன்! மதகிலிருந்து எதிர்க்கரைப் பனைவரிசை வரை முக்கால் மைல் தண்ணீர். பின்னால் நீலமாக ஏலகிரி. ஆவாரம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. நடுவில் இருந்த கருவேலந்திட்டில் வெள்ளை வெள்ளையாக என்னவோ உட்கார்ந்திருந்தது. நான் வேகமாக நடந்தேன். ஐம்பது கஜம் போவதற்குள் திட்டு முழுவதும் எழுந்து, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்க்கரைக்குப் போய்விட்டது.

“உன் தொப்பிதான்,” என்றேன். “சிவப்பைக் கண்டால் மிரளும்.”

கரீம் தொப்பியைக் கழற்றிக் கோட்டுக்குள் திணித்தான். கரையைச் சுற்றி மறுபக்கம் போனோம். அங்கிருந்தும் எழுந்தன. கறுப்புக் கோட்டின்மேல் பழி போட்டேன். வேட்டைத் துப்பாக்கி என்று நினைக்கிறதோ என்று தூக்கை ஆவாரம்புதரில் வைக்கச் சொன்னேன். இப்படியே ஒன்றரை மணி நேரம் ஏரியை அரைவட்டம் சுற்றினோம். நீர்க்கோழி முழுகிற்று, சிறகிக் கூட்டம் சீழ்க்கையடித்துக்கொண்டு போயிற்று. ஒன்றிலும் வாலைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

“பேஜாரா இருக்குது வாத்தியாரே,” என்றான் கரீம், கோட்டும் தொப்பியும் இல்லாமல் வெயிலில் வியர்த்தபடி. “இன்னும் நான் எதைக் கழட்டணும், சொல்லு.”

மதகடியில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண்பிள்ளை கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலு முழத்தில் ஒரு நாரை சாவதானமாக மீன் பொறுக்கிற்று. நான் கரையில் ஓரடி வைத்தேன், நாரை பறந்தது. அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இன்னா சார், பட்சிங்களைப் பாக்க வந்துட்டு மேளம் அடிச்சினு வர்றீங்களே!”

“மேளமா?”

“உங்க செருப்பு சார். காலையிலேருந்து கத்துது. நான் தண்ணியில நிக்கிறேன், எனக்கே காது நோவுது. அந்த சாயபு மேல இன்னா தப்பு? கழட்டிப் போட்டுட்டு வாங்க, எல்லாம் தானா வரும்.”

கரீம் சிரிக்கவில்லை. அதற்காக அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கரையில், அந்தச் செருப்பை, கழற்றுவதா? மற்ற எந்த இடமாக இருந்தாலும் அரை நிமிஷத்தில் கழற்றியிருப்பேன். நான் கல்போல நின்றேன். அவள் பெயர் முனியம்மாள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் சேரி மாதிரி ஒரு சேரிதான் அவளுக்கும். என் முகத்தில் என்ன கண்டாளோ, குரலை இறக்கிச் சொன்னாள்.

“தெருவுல கழட்டச் சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குது சார். அதுங்களுக்கு நீங்க யாருன்னு தெரியாது. எல்லாருக்கும் ஒரே நாயம்தான்.”

கழற்றினேன். இரண்டையும் சேர்த்து மதகுக் கல்லின்மேல் வைத்தேன். கரீமும் தன் பூட்ஸைக் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்தான்.

கரைமண் குளிர்ச்சியாக இருந்தது. நூறு கஜத்துக்குள் கருவேலமுள் ஒன்று குதிகாலில் ஏறிற்று. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆவாரம்புதருக்குப் பின்னால் குந்தினோம். பதினொன்றேகால் மணி இருக்கும். முதலில் நாமக்கோழிகள் திரும்பின. பிறகு மஞ்சள்மூக்கு நாரை ஏழெட்டு. பிறகு அல்லியிலைமேல் இலைக்கோழி, ஓடமே வேண்டாம் என்பதுபோல நடந்து போயிற்று. அதன் பிறகு எதிர்க்கரையிலிருந்து கனமான சிறகடிப்போடு பெரிய பெரிய வெள்ளைப் பறவைகள் வந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எங்களுக்கு முப்பதடியில் இறங்கின. ஒன்று தலையை முக்கி நிமிர்ந்தது. அலகுக்குக் கீழே பை, தண்ணீரும் மீனுமாகத் தொங்கிற்று.

கூழைக்கடா! அப்பாவின் கொக்கு!

எண்ணினேன். நாற்பத்தாறு. அவர் நூறு என்பார். இருக்கட்டும், சுமையோடு நின்று எண்ணியவர் அவர். அழுதேன் என்பதை மறைக்கப்போவதில்லை. கரீம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். “யா அல்லா, என் ஷாப்புலேருந்து ஆறு மைல்,” என்று முணுமுணுத்தான்.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரமே துப்பாக்கிக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஆனால் நான் ஆயுசுக்கும் சொல்வேன்: எந்தத் தேசத்து ஏரியும் எங்கள் ஏரிக்கு உறைபோடக் காணாது.

ஒரு மணிக்கு மதகுக்குத் திரும்பினோம். முனியம்மாள் ஊக்கால் முள்ளை எடுத்துவிட்டாள். பிரியாணியை மூன்று பங்காகப் பிரித்தோம். குதிகாலில் ரத்தம் நிற்கவில்லை.

“வண்டியை இங்கியே கூப்பிட்டுக்கலாம் தோஸ்த்,” என்றான் கரீம். “கால் நோவுது உனக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“இன்னொரு நாள் செருப்பு பழசாயிடும். சத்தம் போயிடும்,” என்றேன்.

மாட்டிக்கொண்டேன். தெரு ஒரு பர்லாங்கு நீளம். முதல் வீட்டைத் தாண்டும்போதே கதவுகள் திறந்தன. கிறீச், கிறீச். கரீம் எனக்கு ஓரடி பின்னால் வந்தான். வேண்டுமென்றே, நான் முன்னால் போகட்டும் என்று. பாதித் தெருவில் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் எழுந்து நடுவில் வந்து நின்றார்.

“யாருய்யா நீ?”

“வேலூர் பள்ளிக்கூட வாத்தியார்.”

“அதைக் கேக்கல. யாரு மகன்?”

“இந்த ஏரியில பட்டை உரிச்சவரோட மகன்.”

அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தது. பக்கத்து வாசலிலிருந்து இன்னும் இருவர் இறங்கினார்கள்.

“அப்படின்னா முறை தெரியுமில்ல? செருப்பைக் கழட்டு.”

நான் குனியவில்லை.

“காலையிலேயே கழட்டிட்டேங்க, ஏரிக்கரையில. பறவைங்க பயப்படுதுன்னு. அதுங்களுக்குப் பயம், அதனால கழட்டினேன். உங்களுக்கும் பயமா இருந்தா சொல்லுங்க, கழட்டிடறேன்.”

வைக்கோல்காரர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். பயம் என்று எப்படிச் சொல்வார்? நான் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். மிச்சமிருந்த தெரு முழுவதும், குதிகாலில் ரத்தம் பிசுபிசுக்க, அப்பா கக்கத்தில் வைத்துக் கடந்த அந்த மண்ணில், இரண்டணாவுக்கு வாங்கிய சத்தம் ஒன்றுவிடாமல் கேட்டது. நடுத்தெருவில் ஒரு கோழி குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனேன். அது தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி கிளறத் தொடங்கிற்று.