எழுந்து நின்ற வார்டு

எனக்காகத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று நான் நம்பினேன். எழுதும்போதே காது சுடுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். நாங்கள் உள்ளே போனதும் பெண்கள் சத்திரசிகிச்சை வார்டு முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கி எழுந்து நின்றது. நான் மந்திரி மாதிரித் தலையை ஆட்டி, "இருங்க, இருங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே நடந்தேன். ஊர்வலத்தின் கடைசி ஆள் நான்தான் என்பதும், எனக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் தலைமையே போய்க்கொண்டிருந்தது என்பதும் என் புத்தியில் ஏறவில்லை.

நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவன். எங்கள் மலையில் ஒரு தனியார் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நோயாளிகளுக்கு வைத்தியம் நடக்கிற அதே வார்டில்தான் மருத்துவ மாணவர்களும் தாதி மாணவிகளும் தொழில் பழகுகிறார்கள். அதன் நிர்வாக சபையில் தோட்டத்து மக்கள் சார்பாக ஒருவர் இருக்க வேண்டுமென்று யாரோ சொல்ல, வேறு யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். பாடசாலையில் தடுப்பூசி போட வருகிற அன்று பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஒளிந்துகொள்வேன். சபை உறுப்பினர் என்றால் ஒப்பரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று பக்கத்தில் நின்று கையைத் தூக்க வேண்டியிருக்குமோ என்று முதல் கூட்டத்துக்கு முன்னால் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் சபையார் வார்டுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தொடங்கி வைத்தவர் எங்கள் தலைவர். பல தோட்டங்களில் தொரையாக, அதாவது நிர்வாகியாக, இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர், நேர்மையான மனிதர். ஏசி அறைக்குள் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியை நடத்த முடியாது, கூரை ஒழுகுகிறதா, சாப்பாடு சூடாக வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பார். சுத்தத்துக்காக எல்லோருக்கும் ஒரு வெள்ளைக் கோட்டும் தருவார்கள். நான் அதை ஸ்வெட்டருக்கு மேலே போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவில் இரண்டு தரம் பார்த்துக்கொள்வேன்.

வீட்டில் வந்து சொன்னேன். "என்னைப் பாத்து வார்டே எந்திரிச்சு நிக்குது, தெரியுமா?"

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒங்களப் பாத்தா? இங்க பூனகூட எந்திரிக்காது. போயி அடுப்புல பால் பொங்குதான்னு பாருங்க."

அந்தப் பெண்ணை நான் முதலில் பார்த்தது அதற்கடுத்த சுற்றில். ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கர்ப்பப்பையை எடுக்க வயிற்றில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. தாதி கையைப் பிடிக்காமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்களாம். தலைவர் வாசலில் தெரிந்ததும் அவர் இறங்கினார். கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து, கலைந்த முடியை ஒதுக்கி, நன்றாக இருக்கிற ஆள் மாதிரிச் சிரித்தார்.

"எப்படி? நல்லா?" என்றார் தலைவர். அவருக்குத் தெரிந்த தமிழ் தோட்டத்தில் படித்த தமிழ். கேள்வியும் கட்டளையும் அதில் ஒரே குரலில்தான் வரும்.

"நல்லா இருக்கேனுங்க தொர. ஒண்ணும் இல்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய ஆஸ்பத்திரிச் சட்டையின் முன்பக்கம் சிவந்து பரவியது. "டாக்டரக் கூப்பிடுங்க! யாராச்சும் டாக்டரக் கூப்பிடுங்க!" என்று நான் அலறினேன். என்னைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் டாக்டர்கள். அவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டுதான் அவரிடம் போக வேண்டியிருந்தது. நான் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதில் ஏற்கெனவே ஒரு பாட்டி இருந்தார் என்பது அவர் முனகிய பிறகுதான் தெரிந்தது. தாதி மாணவி ஒருத்தி ஓடிவந்து நாடி பிடித்தாள், என் நாடியை. தையல் பிரிந்த பெண்ணைத் தள்ளுவண்டியில் ஏற்றித் திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைய கூட்டத்தில் யாரும் தேத்தண்ணீரைத் தொடவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் காயம் ஆறுவது தள்ளிப்போகும் என்று பணிப்பாளர் டாக்டர் சொன்னார். தலைவர் முகம் கறுத்துப்போயிருந்தது. "அவ்வளவு மரியாதை வேண்டாமென்று அவர்களிடம் சொல்லக் கூடாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேட்ரன் சிரிக்காமல் சொன்னார்: "சொன்னேன் சேர். போன முறையே வார்டு நடுவுல நின்னு, யாரும் எந்திரிக்க வேணாம்னு சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு 'சரிங்கம்மா'ன்னாங்க."

மேட்ரன் ஹட்டன் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அவருடைய அம்மாவும் கொழுந்து பறித்தவர். அவர் இன்னொன்றும் சொன்னார்: "நமக்குப் பின்னால வர்ற பிள்ளைங்க நம்மளப் பாத்துத்தான் வார்டுக்குள்ள வரப் பழகுதுங்க. நோயாளி எந்திரிச்சு நின்னாதான் டாக்டர்னு அதுங்க படிச்சிட்டுப் போயிரும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "மாஸ்டர், உங்கள் ஆட்கள். நீங்களே பேசிப் பாருங்கள்" என்றார் தலைவர். அதுவரை சபையில் நான் பேசிய ஒரே வார்த்தை 'ஆமோதிக்கிறேன்' என்பதுதான். அதையும் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

கோட்டுப் போடாமல், பார்க்க வருகிறவர்கள் நேரத்தில், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு போனேன். அந்த அக்கா கண்ணைத் திறந்ததும் முழங்கையை ஊன்றினார். "எந்திரிச்சீங்கன்னா நான் மயங்கி விழுந்துருவேன். போன தடவ பாத்தீங்கள்ல" என்றேன். அப்படியே சாய்ந்துகொண்டார், ஆனால் சிரிக்கவில்லை.

"ஏன்க்கா எந்திரிச்சீங்க? அந்தத் தொர இப்ப தொர இல்ல. அவருக்கு இம்புட்டு மரியாத வேணுமா?"

"மரியாதையா?" என்று என்னைப் பார்த்தார். பாடம் விளங்காத பிள்ளையை நான் பார்க்கிற பார்வை அது. "படுத்துக் கெடந்தா வேலைக்கு ஏலாதவன்னு எழுதிருவாங்கல்ல மாஸ்டர். எங்க லயத்துல ஒருத்தி இப்பிடித்தான் ஒப்பரேசன் பண்ணிட்டு வந்தா. ஆஸ்பத்திரியில இருந்து தோட்டத்துக்குக் கடுதாசி வந்துச்சு. இனி ஏலாதுன்னு செக்ரோல்ல பேர வெட்டிட்டாங்க. அவ வீட்டுல வேற யாரும் தோட்டத்துல வேல செய்யல. பொறவு காம்பராவ விடுன்னு நிக்கிறாங்க. எங்க வீட்டுலயும் என் பேர் மட்டுந்தான் இருக்கு."

செக்ரோல் என்கிற தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் குடியிருக்க லயத்துக் காம்பரா. அது எனக்குத் தெரியாததில்லை. அந்தக் காம்பராவில் பிறந்தவன்தான் நான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண் நிமிர்ந்து நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. வெள்ளைக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அந்தக் கூட்டத்துல இருக்கீங்கதானே?" என்றார். "நான் எந்திரிச்சு நின்னேன்னு சொல்லுங்க. தொர கேட்டப்ப நல்லா இருக்கேன்னுதான் சொன்னேன். அதையும் சொல்லுங்க."

வெளியே வந்து, அப்படியெல்லாம் நாம் கடிதம் அனுப்புகிறோமா என்று பணிப்பாளரிடம் கேட்டேன். இல்லை என்பார், அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று ஒரு கால் வார்டுப் பக்கமே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனுப்புகிறோம் என்றார். தோட்டக் கம்பனிகளோடு நான் வருவதற்கு முன்பே செய்த ஏற்பாடு: தொழிலாளிகளுக்கு நாம் வைத்தியம் பார்ப்போம், வீட்டுக்குப் போகும்போது அவரால் பழைய வேலை செய்ய முடியுமா என்று தோட்டத்துக்கு நேராக எழுதுவோம். நோயாளியிடம் கேட்பதில்லை. அந்த அக்கா பயந்தது வீண் பயம் இல்லை. அவருக்கான கடிதமும் வீட்டுக்குப் போகிற அன்று போகும்.

அடுத்த கூட்டத்தை அவசரமாகக் கூட்டச் சொன்னவன் நான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தலைவலி என்று போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தவனும் நானே. "எந்திரிங்க. தையல் போட்டவளே எந்திரிச்சு நின்னா" என்று போர்வையை இழுத்தாள் மனைவி.

கூட்டத்தில் பேச எழுந்தபோது கோப்பையைத் தட்டிவிட்டேன். தேத்தண்ணீர் நிதிக்குப் பொறுப்பானவரின் மடிவரை ஓடியது. சமாளிக்க ஒரு பகிடி விட்டேன், யாரும் சிரிக்கவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் அந்த அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மரியாதைக்கு எழவில்லை, நாம் அவருடைய பெயரை வெட்ட வந்தவர்கள் என்று நினைத்து எழுந்தார். கொஞ்சம் சரியாகவும் நினைத்திருக்கிறார் என்றேன். குரல் பாதியில் கீச்சென்று போனது.

நிதிக்காரர் மடியைத் துடைத்துக்கொண்டே, கடிதத்தை நிறுத்தினால் கம்பனிகள் நோயாளிகளை அனுப்புவதை நிறுத்திவிடும், நோயாளி இல்லாவிட்டால் மாணவர்கள் எதை வைத்துப் படிப்பார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியாது. இன்றுவரை தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி எதிர் மலை மறைந்துவிட்டிருந்தது. "நான் தொரையாக இருந்தபோது இந்தக் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும்" என்றார் தலைவர்.

"வந்தா என்ன செய்வீங்க சேர்?" என்று மேட்ரன் கேட்டார். அவரைத் தவிர அங்கே வேறு யாருக்கும் அதைக் கேட்கத் தைரியம் இருந்திருக்காது.

"வெட்டுவேன்" என்றார் தலைவர். "அந்தப் பெண் சொல்வது சரி."

கம்பனிகளோடு பேசும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். கடிதம் இனி நோயாளியின் கையில் மட்டும் கொடுக்கப்படும் என்றும், அதை யாரிடம் காட்டுவதென்று அவரே முடிவு செய்யலாம் என்றும் தீர்மானம் போட்டோம். நிதிக்காரர் ஒருவர் மட்டும் எதிர்த்துக் கை தூக்கினார். ஊர்வலமும் நின்றது. சபையார் பார்ப்பதென்றால் மற்றவர்களைப் போலப் பார்வையாளர் நேரத்தில், ஒவ்வொருவராக, கோட்டில்லாமல் வர வேண்டும். என் கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போன அன்று கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். நான் விளக்கினேன்: பாரம் தூக்கக் கூடாது, நீண்ட ஓய்வு வேண்டும், அதற்குப் பிறகு பழையபடி வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், தோட்டத்து ஆபீசில் காட்டினால் லீவு கேட்கலாம்.

"காட்டாமலும் இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்க்கா. ஒங்க இஷ்டம்."

அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ராகலை பஸ் ஏறினார். நான் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் வீடுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

டாக்டர் சொன்ன ஓய்வு பாதிகூட முடிந்திருக்காது. பாடசாலை வேலையாக ராகலைப் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தேன். தேயிலை நிரையில், இடுப்பைச் சுற்றிச் சாக்குப் படங்கு கட்டி, முதுகில் கொழுந்துப் பையோடு நின்றார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, மூச்சிரைக்க மலை ஏறி, நடுவில் ஒரு தரம் வழுக்கி விழுந்தும் போய்ச் சேர்ந்தேன்.

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க? என்ன விசயம்?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார்: "எங்க தம்பிங்க. வீட்டு விசேசத்துக்குச் சொல்ல வந்திருக்கு."

"ஆமாங்க. காதுகுத்து" என்றேன். என் கடைசிப் பிள்ளை உயர்தர வகுப்பில் படிக்கிறாள்.

கங்காணி நகர்ந்ததும், "கடுதாசி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வீட்டுல இருக்கு. யாருக்கும் காட்டல" என்றார். பேசும்போதும் அவர் கை பறித்துக்கொண்டுதான் இருந்தது. "போங்க தம்பி, பஸ்ஸு போயிரும்."

பஸ் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. காயம் பிறகு திரும்பப் பிரியவில்லை. ஆறியது, மெதுவாக. செக்ரோலில் அவர் பெயர் இருக்கிறது.