பூமாலையின் கால் அளவு

திண்டிவனத்துச் சந்தையில் செருப்புக் கடை வைத்திருந்த விருத்தாசலம், ஆளின் காலைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுக்காமல் தோலை வெட்டமாட்டான். ஊர் பேர் தெரியாத காலுக்குத் தைத்தால் கடிக்கும் என்பது அவன் கட்சி. அவனிடம்தான் 1961 சித்திரையில் காண்டிராக்டர் சீனுவாசன் வந்தார். பனிமலையில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்கு உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ் வேண்டுமாம். முதலில் மாதிரிக்கு ஒரு ஜோடி.

விருத்தாசலத்தின் தம்பி பூமாலை அந்த மலையில்தான் கான்வாஸ் ஷூவோடு நின்றுகொண்டிருந்தான். அண்ணன், கடையில் பத்திரமாக இருந்த தம்பியின் பழைய காகிதக் கோட்டை எடுத்து அந்தக் கால் அளவுக்கே தைத்து, உள்ளே "பூமாலைக்கு" என்று சீட்டும் வைத்தான். மாதிரி நேரே அவனுக்குப் போய்விடும் என்று நம்பிய அப்பாவி!

டில்லியில் பெட்டியைப் பிரித்த மகான்கள் தோலைப் பார்த்தார்களா, தையலைப் பார்த்தார்களா? சீட்டைப் பார்த்தார்கள். அனுமதியில்லாத காகிதம் உள்ளே வந்தது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். அதற்கே ஐந்து மாதம் போயிற்று. பிறகு, இவ்வளவு அகலப் பாதம் அட்டவணையில் கிடையாது என்றார்கள். அட்டவணை வெள்ளைக்காரன் போட்டது. அந்தக் கால்களெல்லாம் கப்பலேறிப் பதினாலு வருஷமாகிவிட்டது. வரப்பில் வெறுங்காலோடு நடந்து அகன்ற பாதம் ஒன்று உண்டென்று அந்த மேதைகளுக்கு யார் சொல்வது? விருத்தாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத துரை ஒருவனுக்கு இரண்டாவது ஜோடி தைத்தான். அதில் லேஸின் நிறம் பிடிக்கவில்லையாம். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பனியை ஆண்ட கூட்டம் அது.

அறுபத்திரண்டு ஐப்பசியில் சண்டை வந்தது, ஒரு மாதத்தில் முடிந்தும் போனது. தை மாதம் பூமாலை விழுப்புரம் ஜங்ஷனில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு இறங்கினான். பனியில் கருகிய கால்விரல்கள் பத்தையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

பங்குனியில் சீனுவாசன் காகிதத்தை ஆட்டிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார்.

"ஆர்டர் வந்துட்ச்சிப்பா! நாலாயிரம் ஜோடி. மிக அவசரம்னு சிவப்பு மையில போட்டுக்கிறான்."

"இப்பத்தான் அவசரமா? நாக்கப் புடுங்கிக்கினு சாவச் சொல்லுங்க அவனுங்கள," என்று விருத்தாசலம் காறித் துப்பினான். காகிதத்தைக் கையால் தொடவும் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

உள்ளே உட்கார்ந்திருந்த பூமாலைதான் கையை நீட்டி அதை வாங்கினான்.

"ஜல்தியா தையிண்ணே. மேல நிக்கிறவனுங்களுக்கு இன்னும் விரல் இருக்குது."