டைல்ஸுக்குக் கீழே ஒரு தூண்

இடிந்த கட்டடத்துக்கு ஒரு நாற்றம் உண்டு. சிமெண்டுத் தூசி, மழையில் ஊறிய மெத்தை, யார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலோ புளித்துப் பொங்கிய இட்லி மாவு எல்லாம் கலந்து அடிக்கும். அறந்தாங்கியில் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பு விழுந்த மூன்றாம் நாள் நான் ஜீப்பை விட்டு இறங்கியபோது அதுதான் முதலில் முகத்தில் அடித்தது. ஆனால் எனக்குக் குமட்டலை வரவழைத்தது அது இல்லை. எதிரே சாமியானாப் பந்தல் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, வாழைக்காய் பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்த எங்கள் விசாரணைக் குழுத் தலைவர்தான்.

நான் புதுக்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் எடுப்பவள். கான்கிரீட்டைத் துளைத்து எடுத்துச் சோதிக்கும் இயந்திரம் எங்கள் ஆய்வகத்தில் இருந்ததால் என்னைக் குழுவில் போட்டிருந்தார்கள். இயந்திரத்தை மட்டும் வாங்கிக்கொள்ள முடிந்திருந்தால் என்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். தலைவர் எனக்கும் ஒரு பஜ்ஜியை நீட்டினார். வேண்டாம் என்றேன். காரணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, நான் நாலு துளை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்றார்.

அவர் கண்டுபிடித்த காரணம் அரிமளத்துக்காரரான ஒரு கொத்தனார். சில மாதங்களுக்கு முன் தரைத்தளத்தில் அவர் எதையோ கொத்தினார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அது போதாதா? கட்டடம் விழுந்த அன்று சாயங்காலமே போலீஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. குடியிருப்பவர்களுக்கோ கட்டியவருக்கோ தெரியாமல் கொத்தனார் தானாகவே இடித்தார் என்று அறிக்கையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்துகூட வைத்திருந்தார்கள். என் கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் அந்த மனிதர் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டியதுதான். தானாகவே இடித்தாராம்! எந்தக் கொத்தனாராவது கூலி இல்லாமல், ஆள் சொல்லாமல், ஆசைப்பட்டு அடுத்தவன் கட்டடத்தை இடிப்பானா?

அன்றைக்கே இன்னொருவரையும் பார்த்தேன். தரைத்தள வீட்டுக்காரர். வளைகுடாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்துச் சேர்த்ததில் வாங்கிய வீடு. மத்தியானம் கட்டடம் விழுந்தபோது அவர் மனைவி உள்ளே இருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்தாள். சேதி கேட்டு விமானம் ஏறி வந்து மனைவியின் தகனத்தை முடித்த கையோடு, தினமும் காலையில் வந்து தடுப்புக் கயிற்றை ஒட்டி நிற்பார். என்னைக் கண்டதும் கேட்பார்: "மேடம், சிமெண்ட்லதான கோளாறு?"

அவர் கேட்ட விதம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. சோதித்துச் சொல்கிறேன் என்று நகர்ந்துவிடுவேன். உண்மையில் நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். சிமெண்டைக் குறைத்திருப்பார்கள், உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாதிரி எடுத்தேன். முடிவு வந்தபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் விழும் அளவுக்கு மோசமான கான்கிரீட் அது இல்லை.

பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் தூண்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். முறிந்தும் நசுங்கியும் எல்லாத் தூணுக்கும் அடிக்கட்டை இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அது நிற்க வேண்டிய இடத்தில் மண்ணை அள்ளிவிட்டுப் பார்த்தால் வழவழவென்று டைல்ஸ். சுற்றி இருந்த டைல்ஸைவிட நிறம் கொஞ்சம் புதுசு. உடைக்கச் சொன்னேன். கீழே கம்பிகள் இருந்தன. இழுபட்டு அறுந்த கம்பியின் நுனி மெலிந்து கூராக இருக்கும். இவை கட்டிங் மிஷினில் அறுத்தவை, நுனியெல்லாம் தட்டையாக, காசு மாதிரி இருந்தன. ஐந்து மாடியைத் தாங்கிய தூணை அறுத்து, மேலே டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் பைக் நிறுத்தியிருக்கிறார்கள். சீ!

ஏன் அறுத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நேர் எதிரே தரைத்தள வீட்டின் வாசற்கால் சாய்ந்து கிடந்தது, அதில் கண்திருஷ்டிக்கு மாட்டிய விநாயகர் படம் அப்படியே இருந்தது. வாசலுக்கு நேரே தூண் நின்றால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். தனி வீடாக இருந்தால் வாசலை மாற்றுவார்கள். அடுக்குமாடியில் வாசலை மாற்ற முடியாதே, தூணை எடுத்துவிட்டார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் தென்மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தபோது, சிவில் படித்த நான் வாயை மூடிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தலைவரிடம் கம்பியைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. கொத்தனார் இடித்ததற்கு ஆதாரமே கிடைத்துவிட்டது என்றார். யார் சொல்லி இடித்தார் என்று கேட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில் வந்தது.

"மேடம், நீங்க கான்கிரீட்டப் பாருங்க. மனுசங்கள நாங்க பாத்துக்குறோம்."

கட்டியவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரணை என்று அதைச் சொன்னால் நாக்கு கூசும். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்து, சாவியைக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது, அப்புறம் உள்ளே யார் என்ன செய்தார்கள் என்று தனக்கெப்படித் தெரியும் என்று கையைக் கழுவினார். பழைய செல்போன் தொலைந்துவிட்டது என்பதைக் கேட்காமலே சொன்னார். வரைபடத்தில் கையெழுத்திட்ட இன்ஜினியர் அந்தக் கட்டடத்தைக் கண்ணாலேயே பார்த்ததில்லையாம். எந்தக் கட்டடத்தைத்தான் பார்த்திருக்கிறார் என்று கேட்டேன். தலைவர் எல்லாருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் என் கல்லூரிக்குக் கொத்தனாரின் மனைவி வந்தார். முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவர், விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. வகுப்பு முடியும்வரை ஆய்வக வாசலில் நின்றவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தூணைத் தொட மாட்டேன், மேலே முட்டுக் கொடுக்க வேண்டும், இன்ஜினியரிடம் எழுதி வாங்கித் தாருங்கள் என்று அவர் கணவர் இரண்டு நாள் தட்டிக்கழித்திருக்கிறார். இதைச் செய்யாவிட்டால் இனி எந்த சைட்டிலும் வேலை கிடையாது என்றிருக்கிறார் கட்டியவர். கடைசியில் தன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு, வெளிநாட்டிலிருந்து தரைத்தள வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்க வைத்திருக்கிறார்.

"அந்தக் கொரல எங்க வீட்டுக்காரவுக காதால கேட்டுருக்காக மேடம். ஆனா இவுக சொன்னா யாரு நம்புவா? அது அந்த வெளிநாட்டுக்காரவுக போனுல இப்பவும் இருக்கும்ல?"

இருக்கும். கட்டியவரின் போன் தொலைந்துவிட்டது. கொத்தனாரிடம் இருந்தது பட்டன் போன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு போன். அப்போதுதான் அந்த மனிதர் தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டது என்ன என்று எனக்கு விளங்கியது. அவர் காரணத்தைத் தேடவில்லை. தானே அந்தக் காரணமாக இருந்துவிடக் கூடாது என்று தினமும் வந்து நின்றிருக்கிறார்.

அவரிடம் போய்ச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. தங்கை வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். சுற்றி வளைக்க எனக்கு வராது. தூணை எடுத்ததால்தான் கட்டடம் விழுந்தது, மழையில் மேலே கனம் ஏற ஏற மற்ற தூண்கள் கைவிட்டுவிட்டன என்றேன். கொத்தனார் உள்ளே இருக்கிறார் என்றும், உங்கள் போனில் இருப்பது அவரை வெளியே கொண்டுவரும் என்றும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தங்கை கொண்டுவந்து வைத்த தண்ணீரை நான்தான் குடித்தேன். பிறகு போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். அவரும் மனைவியும் கட்டியவருமாக மூன்று பேர் இருந்த வாட்ஸ்அப் குழு அது.

முதலில் அவர் குரல் வந்தது. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, அடுத்த லீவுக்கு நான் வரும்போது அந்தத் தூண் அங்கே இருக்கக் கூடாது என்றது. அடுத்து கட்டியவரின் குரல்.

"இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டேண்ணே, மேல பீம் தாங்கும்னுட்டாரு. இந்தக் கொத்தனாருதான் பயந்து சாகுறான், முட்டுக் குடுக்கணும், எழுதிக் குடுங்கங்குறான். நான் பாத்துக்குறேன், நீங்க நிம்மதியா இருங்க."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மாட்டினான் என்று மனசுக்குள் கையைத் தட்டினேன். மனைவியைப் பறிகொடுத்தவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அப்படிப் பூரித்த என்னை நினைத்தால், பஜ்ஜி தின்றவரைக்கூட நான் திட்டியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பதிவு தானாகவே ஓட ஆரம்பித்தது. ஒரு பதிவு முடிந்தால் அடுத்ததைப் போன் தானாகவே போட்டுவிடும் அல்லவா. பெண் குரல், பின்னால் குக்கர் விசில்.

"ஏங்க, அந்தத் தூணு இருந்துட்டுப் போகட்டுங்க. பாப்பா அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் வேனுக்கு நிக்கிது. கொத்தனாரு அண்ணன் வேணாம்னு சொல்றாருல்ல, அவரு பேச்சக் கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காத பதிவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி இருக்கும், கேட்டு முடித்ததும் நீலமாகிவிடும். அது அப்போதுதான், எங்கள் கண்ணெதிரில்தான் நீலமானது. இத்தனை மாதமாக அவர் அதைத் திறக்கவே இல்லை.

அந்தப் பதிவுகளை வைத்துத்தான் பிறகு கொத்தனார் வெளியே வந்தார். கட்டியவர் உள்ளே போய், எனக்குத் தெரிந்த வேகத்தில் ஜாமீனில் திரும்பியும் வந்தார். அன்றைக்கு அந்த அறையில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பதிவு வந்தது தெரிந்திருந்தால் கேட்டிருப்பீர்கள், வேலை நேரத்தில் வந்திருக்கும், விடுங்கள் என்று அவரைத் தேற்றுவதற்காக எதையோ உளறினேன். அவர் தலையை ஆட்டினார்.

"இல்ல மேடம். கேட்டுருந்தாலும் நிறுத்திருக்க மாட்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னுதான் சொல்லிருப்பேன்."