சாரலில் காலியாக விட்ட கொடி

மேலகரத்து வீட்டின் முன்கூடத்தில், துணி காயப்போடும் கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. குஞ்சு பொரித்ததும் என் மனைவி அதில் துணி போடுவதை நிறுத்திவிட்டாள். வெளியிலோ ஓயாத சாரல். ஈரவாடை அடிக்கும் வேட்டி எனக்குச் சலித்துப்போனது. அவள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தபோது, கொடியைக் கூட்டோடு அவிழ்த்துக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் கட்டிவிட்டு, அதன் இடத்தில் வேறு கயிறு கட்டி வேட்டியைக் காயப்போட்டேன்.

“ஒரு வேட்டி காயணும்னு அதைக் குடி கிளப்பிட்டீயளே! தாய் வந்து எங்கன தேடும்?” என்றாள்.

தாய்ச்சிட்டு முன்கூடத்தையே சுற்றிச் சுற்றிக் கத்தியது. குஞ்சுகள் பிழைக்கவில்லை.

மனைவி இறந்தபின் அந்தக் கொடியைப் பழைய இடத்திலேயே கட்டினேன். சாரல் தொடங்கினால் அதில் எதையும் போடுவதில்லை. இன்று காலை ஒரு தேன்சிட்டு அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்தது. நாரோடு திரும்புமா என்று, ஈர வேட்டியோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.