எடை பார்க்கும் நேரம்

"நீங்க அந்த மெஷின்ல ஏறி எடை பாருங்கம்மா, காசு வேணாம்" என்று கூட வந்தவரை முதலில் வாசலுக்கு அனுப்பிவிடுவார் மருந்துக்கடை அக்கா. பிறகு சீட்டோடு நிற்பவரிடம் குரலைத் தாழ்த்தி, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? வீட்டுக்குத் தெரியாம சாப்பிடுறதையும் சேத்துச் சொல்லுங்க" என்பார். இருமல் மருந்துக்குப் போன என்னையே குடைந்தெடுத்துவிட்டார்.

அந்த எந்திரம் யாருக்கும் இரண்டு கிலோ கூட்டித்தான் காட்டும். சரிபார்க்க ஆள் வந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார். அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாலை ஏழு மணிக்கு வந்து அதில் ஏறி நின்று, "உன் சமையல் ரெண்டு கிலோ ஏத்திடுச்சுடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாராம்.

அவருக்கு வலிப்பு நோய் இருந்திருக்கிறது. தெரிந்தால் வேலை போய்விடும், இவளும் பயப்படுவாள் என்று மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்கியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர், சிறுநீரை அதிகம் பிரிக்கும் நீர் மாத்திரை எழுதினார். எடுத்துக் கொடுத்தது அக்கா. இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் உப்புச் சத்தை இறக்கிவிட்டன. தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல். பத்தாம் நாள் ஆள் இல்லை.

"கடைக்கு வர்ற எல்லாரையும் கேப்பேன். வீட்டு ஆள்தானேன்னு அவரை மட்டும் கேக்கல. மூணு வருஷமாச்சு, ஏழு மணியானா காது வாசல்லதான் இருக்கு" என்றார் ஒருநாள்.

நேற்று மாலை ஒரு பெயின்டர் நீர் மாத்திரைச் சீட்டோடு வந்தார். மனைவி எடை பார்க்கப் போனதும் முணுமுணுத்தார்: "வலிப்புக்கு ஒண்ணு போடுறேங்க்கா. அவளுக்குத் தெரியாது."

அக்கா எடுத்த மாத்திரை அட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்தார். டாக்டருக்கு போன் போட்டார். அவர் வேறு மருந்து சொன்னார்.

"வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா அவங்ககிட்ட சொல்லிடுங்க தம்பி. உங்களுக்கு ஒண்ணுன்னா பக்கத்துல இருக்கப்போறது அவங்கதான்."

பெயின்டர் சீட்டை மடித்தார், பிரித்தார். கடைசியில் மனைவியைக் கூப்பிட்டு அங்கேயே சொல்லிவிட்டார்.

"இத்தனை நாளாவா? உனக்குப் பைத்தியமா?" என்று அந்தப் பெண் கத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்தாள். அவர் கையை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மணி ஏழு. அக்கா இழுப்பறையிலிருந்து அந்தக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எந்திரத்தில் ஏறினார். முள்ளைப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டு நின்றார்.